புழுவுக்குக் காத்திருந்த வாய்க்கால்

1984 புரட்டாசியில் அம்பகரத்தூர் வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை எப்படி மண்டிக் கிடந்தது என்றால், அதன்மேல் பாய் விரித்து ஒரு கல்யாணப் பந்தியே நடத்தியிருக்கலாம். தண்ணீரில் இருக்கிறோம் என்பதையே மீன்கள் மறந்துவிட்டன. ஐப்பசி மழைக்குள் செடி போகாவிட்டால், தண்ணீர் வடியாமல், பள்ளக்கால் என்கிற தாழ்வான வயலில் தையல்நாயகி அம்மாள் நட்ட சம்பா முழுதும் அழுகிவிடும்.

அவர் ஆள் விட்டுச் செடியை வாரத் தொடங்கியபோதுதான் வேளாண் அதிகாரி தெட்சிணாமூர்த்தி ஜீப்பிலிருந்து குதித்தார். நான் அவருக்கு டிரைவர். பின்சீட்டில் என்னைவிட மரியாதையாக ஒரு கூடை உட்கார்ந்திருந்தது. உள்ளே ஏதோ ஒரு அந்துப்பூச்சியின் புழுவும் கூட்டுப்புழுவும்.

“செடியில யாரும் கை வைக்கக் கூடாதும்மா. இந்தப் புழு ஆகாயத்தாமரையைத் தவிர எதையும் தொடாது. பூச்சியாகி, முட்டை போட்டு, பெருகி மொத்தத்தையும் தின்னுடும்.”

“எப்ப சார்?”

“பெருகணும்ல?”

புழுக்கள் தின்றன. எங்கள் அலுவலகத்தில் வேலை நடக்கும் வேகத்தில் தின்றன. பிறகு பூச்சிகள் பறந்தன. மறுநாள் ஒன்றைக்கூடக் காணோம். அடுத்த கூடையும் அப்படியே மாயம். சார் வாத்துகளைச் சந்தேகித்தார், தவளைகளைச் சந்தேகித்தார், என்னைக்கூட ஒருமாதிரி பார்த்தார்.

ஓர் அந்தியில் உண்மை தெரிந்தது. வரப்புக்கு வரப்பு விளக்கு. ஒவ்வொன்றின் கீழும் மண்ணெண்ணெய் ஊற்றிய தண்ணீர்த் தட்டு. அதில் நெல்லைக் கெடுக்கும் குருத்துப்பூச்சிகளோடு சாரின் பூச்சிகளும் செத்து மிதந்தன.

“யாரும்மா வெளக்கு வைக்கச் சொன்னது?”

“நீங்கதான். போன மாசம் மைக்கு வச்சு கத்துனீங்களே! ஒருநா தவறல சார்.”

“அணைங்க எல்லாத்தையும்!”

“அணைச்சா குருத்துப்பூச்சி பயிரத் திங்கும். நீங்க ஒங்க பூச்சிக்குச் சொல்லி வைங்க, வெளக்குப் பக்கம் வர வேணாம்னு.”

மழை பிடித்தது. வங்காள விரிகுடாவையே யாரோ வாளியில் மொண்டு ஊற்றினார்கள். விடிந்தபோது பயிரின் நுனி மட்டும்தான் தெரிந்தது. தையல்நாயகி அம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பெண்களோடு வாய்க்காலில் இறங்கிவிட்டார்.

சார் மதகின்மேல் நின்று கதறினார். “நாலு கஜம் மட்டும் விட்டு வைங்கம்மா! நேத்துதான் இன்னொரு கூடை விட்டேன்!”

“நாலு கஜம் அடைச்சா என் எட்டு மா நெலமும் போயிடும். எறங்கி அந்தப் பக்கம் புடிங்க சார்!”

அந்த அதட்டலில் ஷூவோடு இறங்கினார். இழுக்கிற ஒவ்வொரு செடியையும் புரட்டி இலை இலையாக ஆராய்ந்தார்.

“பேன் பாக்காதீங்க சார், இழுங்க!”

பொழுது சாய்வதற்குள் தண்ணீர் இரைச்சலோடு வடிந்து, பயிர் தலை நிமிர்ந்தது. சார் சேறும் சகதியுமாக ஜீப்பில் ஏறினார். மடியில் ஒரே ஒரு செடி, அதில் ஒரே ஒரு புழு.

“மெதுவா ஓட்டுய்யா,” என்றார். “தின்னுக்கிட்டிருக்கு.”