எட்டு, ஆறு, நாலு, கெட்டிமேளம்

என் பாட்டைப் போன வாரம்வரை ஒருவர்கூடக் கடைசிவரை கேட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமெல்லாம் இல்லை, ஆத்திரம்தான் வருகிறது. நாலு வருடம், பதினோரு பாட்டு. என் அப்பா செங்கோடன் ஒவ்வொன்றுக்கும் சரியாக இரண்டு நிமிடம் தாக்குப்பிடிப்பார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்.

நாமக்கல்லில் அப்பாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. அங்கே வயரிங் வேலை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு என்பதால் பின்பக்கத் தகரச் செட் எங்கள் 'ஆக்ஸில் கட்' இசைக்குழுவுக்கு. நான் கிட்டார், பாட்டுக் கட்டுவதும் நான்தான். மதியழகன் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பேய் மாதிரி உறுமுவான். மற்ற நாட்களில் கோழித்தீவனக் கம்பெனியில் மக்காச்சோளத்துக்கு ஈரப்பதம் பார்க்கிற சாதுவான பிள்ளை. அவன் ஒருமுறை 'ஹெவி மெட்டல்' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் அடித்து என் நம்பரையும் போட்டுவிட்டான். "ஏனுங்க, முக்கால் ஜல்லி ரெண்டு யூனிட்டு மோகனூர்ல எறக்கிக் குடுப்பீங்களா?" என்று ஒரு மாதம் போன் வந்தது, ஜல்லிக்கும் மெட்டல் என்றுதானே பேர். பாட்டுக் கேட்க ஒருத்தரும் கூப்பிடவில்லை.

போன மாதம் அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "தனம், அந்தச் செட்டுல பெயிண்ட் வேலைய வெச்சுக்கலாம்னு இருக்கறேன் சாமி."

"அப்ப நாங்க எங்கீங்ப்பா போறது?"

"மதி கம்பெனி ஆண்டு விழாவுல வாசிக்கறீங்கல்ல? சனம் கடைசிவரைக்கும் இருந்து கேட்டா செட்டு உங்களுது. பாதில எந்திரிச்சுப் போனா எனக்கு."

சரி என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். மறுநாளே எங்கள் டிரம்மர் ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நல்லா இருக்கட்டும், பாவி.

வேறு வழியில்லாமல் ராசிபுரத்திலிருந்து வீரபாகுவைக் கூட்டி வந்தான் மதி. எங்கள் வயதுதான், ஆனால் பதினைந்து வருடமாக முகூர்த்த மேடையில் தவில் அடிக்கிறவன். டிரம்ஸ் செட்டை மூன்று நாளில் வசப்படுத்திக்கொண்டான். நாலாம் நாள் என் பாட்டில் குற்றம் கண்டுபிடித்தான்.

"ஏனுங்க, இந்தப் பாட்டுல மொத அடியில இருந்து கடைசி அடி வரைக்கும் ஒரே கெட்டிமேளமா இருக்குதுங்களே?"

"ஹெவி மெட்டல்னா அப்படித்தான்."

"எடுத்த எடுப்புலயே கெட்டிமேளம் கொட்டிப்போட்டா அப்பறம் தாலிய எப்பங்க கட்டறது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "இது என்ன கண்ணாலமா?" என்று கத்தினேன். அவன் அசரவில்லை. தாலி கட்டும்போது யாராவது தும்மினாலோ அழுதாலோ காதில் விழக்கூடாது, அந்த ஒரு நிமிடத்தை மூடத்தான் அத்தனை சத்தம் என்றான். "அதும் பெரியவிங்க வெரலத் தூக்கி ஆட்டுனாத்தான் கொட்டுவோம். அதுவரைக்கும் அடக்கித்தாங்க வாசிக்கோணும்."

அன்று முழுக்கச் சண்டை. ஆனால் வீட்டுக்குப் போய் என் பதினோரு பாட்டையும் கேட்டுப் பார்த்தேன். எனக்கே இரண்டாவது நிமிடத்தில் டீ குடிக்கத் தோன்றியது. சனியன், அவன் சொன்னது சரி.

அடுத்த ஞாயிறு பாட்டைப் பிரித்துப்போட்டோம். முதலில் தாளமே இல்லாமல் கிட்டார் மட்டும் ஆலாபனை மாதிரி மெதுவாக. பிறகு என் வரியை முதல் காலத்தில் ஒருமுறை, அதையே இரட்டிப்பு வேகத்தில் இன்னொருமுறை. அப்புறம் எட்டு அடி, ஆறு அடி, நாலு, இரண்டு என்று குறைத்துக்கொண்டே வருவது. கோபுச்ச யதி, மாட்டு வால் மாதிரி நுனிக்குப் போகப் போகச் சிறுக்கும் என்றான். அது முடிகிற இடத்தில், ஐந்தாவது நிமிடத்தில், கெட்டிமேளம். கடைசியில் தீர்மானம், அதாவது முடிக்கிற அடிக்கோவையை, மூன்று தடவை வாசித்து மூன்று பேரும் ஒரே அடியில் நிற்க வேண்டும். மதி எந்தக் காலத்தில் உறுமுவது என்று தெரியாமல் விழித்தான். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது.

விழா நாள் வந்தது. கல்யாண மண்டபம்தான் கிடைத்தது. மேடையில் போன முகூர்த்தத்தின் வாழைமரம்கூட அப்படியே நின்றது. கம்பெனி ஆட்கள், குடும்பம், குழந்தைகள் என்று நானூறு பேர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு மிக்சர் பொட்டலம். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஆலாபனையை ஆரம்பித்தேன். அழகாகத்தான் போனது. அந்த நேரம் பார்த்து எந்தப் புண்ணியவானோ சாப்பாட்டுக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டான். சாம்பார் வாசனை உள்ளே வந்தது. முதல் பந்திக்குப் பின்வரிசை போயேவிட்டது, அடுத்து நடுவரிசை கிளம்பியது. போச்சு, செட்டு போச்சு, எல்லாம் போச்சு.

அப்பா திரும்பிப் பார்த்தார். மறுபடி மேடையைப் பார்த்தார். ஆட்காட்டி விரலைத் தூக்கி, டிரம்ஸைப் பார்த்து வேக வேகமாக ஆட்டினார்.

இருக்கிறவர்களும் எழுந்திருப்பதற்குள் முடித்துவிடுங்கள் என்றுதான் விரலை ஆட்டினாராம், பிறகு சொன்னார். ஆனால் பதினைந்து வருடம் அந்த விரலுக்குப் பழகிய கை வேறென்ன செய்யும்? வீரபாகு கொட்டிவிட்டான்!

இரண்டாவது நிமிடத்தில் கெட்டிமேளம். மண்டபமே அதிர்ந்தது. கதவுவரை போனவர்கள் அப்படியே நின்று திரும்பினார்கள். கெட்டிமேளம் கேட்கும்போது எவனாவது வெளியே நடப்பானா? கைகள் தானாக உயர்ந்தன. அட்சதைக்கு எங்கே போவது? அத்தனை கைகளிலிருந்தும் மிக்சர் பறந்து வந்தது. ஓமப்பொடி என் தலையில், நிலக்கடலை மதியின் வாயில். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் அப்பாவும் ஒரு பிடி வீசினார், சத்தியமாகப் பார்த்தேன்.

இப்போது என்ன செய்வது? உச்சத்தை முதலிலேயே செலவழித்தாயிற்று. இதைவிடப் பெரிதாக என்னிடம் எதுவும் இல்லை. சத்தத்தை அப்படியே இழுத்தால் இன்னும் ஒரு நிமிடத்தில் எல்லோரும் இலைக்குப் போய்விடுவார்கள். வீரபாகு தான் செய்தது புரிந்து, திருதிருவென்று என்னைப் பார்த்தான். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன்.

மாட்டு வாலை நுனியிலிருந்து பிடித்தேன். இரண்டு அடி, கிட்டார் மட்டும், ரகசியம் சொல்கிற மாதிரி. நாலு. கதவருகே நின்றவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஆறு. வீரபாகு முகம் மலர்ந்து குச்சியை மெல்லத் தொட்டான். எட்டு. நதி பெருகி வருவதுபோல வளரும் அந்த யதிக்கும் ஒரு பெயர் உண்டாம், அவன் பிற்பாடு சொல்லி நான் மறந்துவிட்டேன். மதி உறுமினான், இந்த முறை சரியான காலத்தில். தீர்மானம் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று பேரும் ஒரே அடியில் நின்றோம்.

யாரும் கைதட்டவில்லை. தாலி எங்கே என்று தேடுகிறார்களோ என்னவோ. பிறகு தட்டினார்கள் பாருங்கள்!

அப்பா மேடையேறி வந்தார். மீசையில் ஒரு காராபூந்தி ஒட்டியிருந்தது.

"செட்டுங்ப்பா?" என்றேன்.

"அது கெடக்குது, உங்களுதுதான்." சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் எட்டிப் பார்த்தார். "மொதப் பந்தில உக்காந்தவிங்க ஒன்னுமே கேக்கல. மறுக்கா மொதல்ல இருந்து வாசி சாமி. நான் போய்ப் பந்திய நிறுத்திப்போட்டு வாரேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். எங்கள் பக்கம் எதற்கும், யாருக்காகவும் பந்தியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு, ஓமப்பொடித் தலையோடு, அத்தனை பேருக்கு முன்னால் ஓவென்று அழுதேன்.