தொட்டித் தண்ணீர் வைத்தியம்

முனிரத்தினம் அன்று சாயங்காலமும் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து ஒரு பானைத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தான். குடிக்கிற தண்ணீர் இல்லை. ஆவாரம்பட்டையைப் போட்டு மாட்டுத்தோல் ஊறவைக்கிற தொட்டியின் பழைய தண்ணீர். கறுத்த சிவப்பு நிறம். மேலே நுரை. நுரையில் இரண்டு மயிரும் ஒரு செத்த ஈயும் மிதந்தன. ஆம்பூர்த் தெருவில் எதிரே வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். அவனுக்கு மட்டும் நாறவில்லை. பதினைந்து வருஷம் அந்தத் தொட்டிகளுக்குள் நின்றவனுக்கு நாற்றம் எது என்பதே மறந்து போயிருந்தது.

வீட்டில் அவன் பெண்சாதி கண்ணம்மாள் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். தலைச்சன் பிள்ளை, எட்டு மாதம் முடிந்துவிட்டது. அடிவயிற்றில் தோல் விரிந்து கோடு விழுந்த இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. தொடையிலும் இறங்கியிருந்தது. சொறிந்த இடங்கள் தோல் கிழிந்து கசிந்தன.

"வயித்தக் காட்டு" என்றான்.

"வாணாங்க. நேத்து ஊத்தினதே இன்னும் காந்துது. சோத்துல கைய வெச்சா அந்த நாத்தந்தான் வருது."

"காந்துனாத்தான் கேக்கும். சுண்ணாம்பு அரிச்ச எங்க கைக்கு இதான் வைத்தியம். ரெண்டு முங்கு முங்குனா புண்ணு மூடிக்குது. உன் தோலு இன்னா தங்கமா?"

அவன் கை காய்த்துப்போன கை. அவள் வயிறோ உள்ளே பிள்ளையை வைத்துக்கொண்டு மெலிந்து விரிந்த வயிறு. அந்த வித்தியாசம் அவன் புத்திக்கு எட்டவில்லை.

எட்டாமல் போனதற்கு வேறு காரணமும் இருந்தது. நாலு நாளைக்கு முன் கிணற்றடியில் பக்கத்து வீட்டு ரங்கம்மாள், கண்ணம்மாள் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தொடாதடி. இது மேக நோவு. உன் புருசன் எங்கியோ மேஞ்சிட்டு வந்து குடுத்திருக்கான். இல்லன்னா நீ..."

மீதியைச் சொல்லாமல் சிரித்தாள். சொன்னதைவிட அந்தச் சிரிப்பு அசிங்கம். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க அதையே மென்றது. தான் எங்கும் மேயவில்லை என்று முனிரத்தினத்துக்குத் தெரியும். அப்படியானால் யார்? ராத்திரி படுத்துக்கொண்டு விரலை மடக்கி மாதத்தை எண்ணிப் பார்த்தான். தன் பிள்ளையையே விரல் விட்டு எண்ணுகிற புத்தியை என்னவென்று சொல்வது! இரண்டு தெரு தள்ளி மிஷன் டிஸ்பென்சரி இருந்தது. அங்கே கூட்டிப்போனால் நோயின் பேரை எழுதிவைத்து மானத்தை வாங்கிவிடுவார்கள் என்று பயந்தான். அதனால்தான் இந்தப் பானை.

கண்ணம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவன் ஊற்றினான்.

மறுநாள் ஷாப்பில் வயிற்றுப் பக்கம் கத்தி பட்டுக் கிழிந்த ஒரு பச்சைத் தோலை அவன் அதே பழைய தண்ணீர்த் தொட்டியில் தள்ளினான். மேற்பார்வை பார்க்கிற கவுஸ் பாஷா தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"அடேய், கத்தி பட்ட தோலப் போயி பழைய தண்ணில போடுவியா? அழுகிடும்டா! எடு, எடு! நல்ல தண்ணில அலசு. செத்த மாட்டுத் தோலுக்கே அந்தத் தண்ணி ஆவாது. எத்தினி வாட்டி சொல்றது உனக்கு? பேஜாரா போச்சு உன்னோட!"

முனிரத்தினம் தோலை வெளியே இழுத்தான். கிழிசலின் ஓரம் கையில் கொழகொழவென்று ஒட்டியது. அப்போதுதான் பதினைந்து வருஷத்து நாற்றமும் ஒன்றாகச் சேர்ந்து அவன் மூக்கில் ஏறியது. தொட்டி ஓரத்திலேயே வாந்தி எடுத்தான்.

"இன்னாடா ஆச்சு?" என்றார் பாஷா. அவன் வீட்டுக்கு ஓடி, கண்ணம்மாளைக் கூட்டிக்கொண்டு மிஷன் டிஸ்பென்சரிக்குப் போனான்.

டிஸ்பென்சரி நர்ஸ் சவுரியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணம்மாள் வாசற்படி ஏறும்போதே நர்ஸ் மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாத்தப்பா ஊத்துன?"

சொன்னான். அவள் ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு வந்தாள்.

"உன்ன அந்தத் தொட்டில அமுக்கி வெக்கணும். தோலு உரியிதா இல்லியான்னு பாக்கலாம்."

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரால் புண்களைத் துடைத்தாள். ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள்.

"புள்ளைக்குத் துடிப்பு நல்லாத்தான் கீது" என்றாள்.

"மேக நோவாம்மா?" என்றான் முனிரத்தினம்.

"எவ சொன்னா? வயிறு பெருக்கறப்ப தோலு இழுபட்டு சில பொம்பளைங்களுக்கு இப்டித் தடிக்கும். தலைச்சனுக்கு ஜாஸ்தி. யாரும் குடுத்து வர்றதில்ல, யாருக்கும் ஒட்டாது. பெத்தப்புறம் தானா போயிடும். அரிச்சா பச்சத்தண்ணில துணி நனச்சிப் போடு. புண்ணு ஆறினப்புறம் தேங்காயெண்ணெ தடவு. பழைய நூல் சேல கட்டட்டும், நகத்த ஒட்ட வெட்டிக்கட்டும். தடிப்பே இல்லாம உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிச்சாலோ, கண்ணு மஞ்சளானாலோ ஒடனே டாக்டர்கிட்ட ஓடியாரணும். அது வேற நோவு, புள்ளைக்கு ஆபத்து. இப்போதிக்கு பயமெல்லாம் நீ ஊத்துன தண்ணிதான். சீழ் புடிச்சிருக்கு. ஜுரம் வந்தா ரெண்டு உசுருக்கும் ஆவாது. தெனம் கூட்டியா."

பிறகு நோட்டைப் பிரித்தாள். "எத்தினி நாளாச்சு? எங்க ஆரம்பிச்சது?"

முனிரத்தினத்துக்கு இரண்டும் தெரியாது. கண்ணம்மாள் விம்மி அழுதாள்.

"ஏம்மா, காந்துதா?"

"இல்லீங்கம்மா. பதினெட்டு நாளாச்சு. தொப்புளுக்குக் கீழ ஆரம்பிச்சது. யாரு குடுத்தான்னு தெருவே கேட்டுச்சு. இவரு வாயால கேக்கல, கண்ணால கேட்டாரு. எங்க அரிக்குதுன்னு நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க."

சவுரியம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"கேட்டுக்கினியா? புள்ளத்தாச்சி ஒடம்புல ஒண்ணு வந்தா, யாரு குத்தம்னு தேடாத. எங்க நோவுதுன்னு அவளக் கேளு. கேட்டுட்டு வைத்தியம் தெரிஞ்சவங்ககிட்ட கூட்டியா. மானம் போறது நோவால இல்ல, உங்க புத்தியால."

முனிரத்தினம் கண்ணம்மாள் பக்கம் திரும்பினான்.

"இப்ப எங்க அரிக்குது?"

"முதுகுலங்க. கை எட்டல."

அவன் ஓரடி எடுத்து வைத்தான். சவுரியம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"மொதல்ல போயி கையக் கழுவு. சோப்புப் போட்டு, ரெண்டு வாட்டி."