இரைச்சல் அடங்கும் திசை

க்ளெனிஸின் கிதார் நெவிலிடம் வந்தபோது அதன் வயிறு காலியாக இருந்தது. கம்பிகளுக்கு அடியில் இருக்க வேண்டிய மூன்று பிக்கப்புகளையும் அவள் மகள் டனெல் கழற்றித் தனியாக விற்றுவிட்டாள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அந்தக் காந்தச் சுருள்கள்தான். அறுபதுகளில் சுற்றிய அசல் சுருள் என்றால் முழுக் கிதாரைவிட அதற்குத்தான் கிராக்கி. பெயின்ட் உரிந்து, கழுத்தில் விரிசல் விட்ட மிச்ச மரத்தை யாரும் கேட்கவில்லை. க்ளெனிஸின் அடக்கம் முடிந்த மறுவாரம் டனெல் போன் செய்தாள். "அம்மாவோட பேண்டுல ட்ரம்ஸ் வாசிச்சவர் நீங்கதானே? வேணும்னா வந்து எடுத்துக்குங்க. இல்லேன்னா குப்பைக்குத்தான்."

நெவிலுக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. வயது அறுபத்திரண்டு, போர்ட் கெம்ப்ளா இரும்பாலையில் இரவு ஷிஃப்ட். ஆனால் அவனிடம் 1987இல் துறைமுகத்துப் பப்பில் அவர்கள் பேண்ட் வாசித்ததைப் பதிவு செய்த கேஸட் ஒன்று இருந்தது. அந்தச் சத்தம் இந்தக் கிதாரிலிருந்து திரும்ப வர வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

அதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருடம் க்ளெனிஸோடு ஒரே பேண்டில் வாசித்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, பின்னால் உட்கார்ந்திருக்கும் அவன் பக்கம் திரும்பி நிற்பாள். அவன் குச்சிகளை நாலு தரம் தட்டுவான். பாட்டு தொடங்கும். அவளுக்குப் புருஷன் இருந்தான். நெவில் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் திரும்பல் ஒன்றே போதும் என்று இருந்துவிட்டான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

காலை எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் கிதாரோடு நேராக ஸ்லாட்கோவின் ரிப்பேர் கடைக்குப் போனான்.

"வாய்யா நெவ். உன் மூஞ்சியப் பாத்தா பொணமே எந்திரிச்சு ஓடிரும்."

"தூங்கி எந்திரிச்சா மட்டும் அழகாவா ஆயிரப் போறேன்? இந்தா கேஸட். இதே சத்தம் வேணும்."

ஸ்லாட்கோ மேஜைமேல் பிக்கப்புகள் இருந்த இரண்டு அட்டைப் பெட்டிகளை வைத்தான். "இது ஊமை. ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு சுருள் சுத்தியிருக்கு, ஒண்ணோட இரைச்சல இன்னொண்ணு முழுங்கிரும். இது பழைய மாதிரி, ஒத்தைச் சுருள். தொனி நல்லாருக்கும், ஆனா ம்ம்ம்னு இரைஞ்சு உசுர வாங்கும்."

"இரைச்சல் எவனுக்கு வேணும்? ஊமையவே போடு."

"மொதல்ல கேப்போம், இரு."

கேஸட் ஓடியது. ஒரு பாட்டு முடிந்தது, கைதட்டல் ஓய்ந்தது. ஸ்லாட்கோ விரலைத் தூக்கினான். "கேட்டியா, இரையுது பாரு. இப்ப... போச்சு. திரும்பிட்டா."

"யாரு?"

"க்ளெனிஸ்தான், வேற யாரு. ஒத்தைச் சுருள் அப்படித்தான்யா. டியூப் லைட்டு, ஃப்ரிட்ஜு, அக்கம்பக்கத்துல எது ஓடினாலும் அதோட சத்தத்த இழுத்துக்கும். ஆளு மெதுவா சுத்திப் பாக்கணும். எந்தப் பக்கம் பாத்து நின்னா அடங்குதோ, அங்க நின்னுக்க வேண்டியதுதான். எல்லாக் கிதார்காரனும் பண்றதுதான்."

"அவ என் பக்கம் திரும்புவா. நான் தட்டி ஆரம்பிச்சு விடறதுக்காக."

"எல்லா எடத்துலயுமா?"

நெவில் நினைத்துப் பார்த்தான். டேப்டோ பௌலிங் கிளப்பில் அவள் கழிப்பறைக் கதவைப் பார்த்து நின்றாள். அவள் தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தான். ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டு, கடைசியில் போய் மன்னிப்பும் கேட்டான். "எதுக்கு?" என்றாள் அவள். திரூல் ஊரில் வாசிக்கும்போது ஜன்னலைப் பார்த்து நிற்பாள். வெள்ளிக்கிழமைதோறும் வாசித்த துறைமுகத்துப் பப்பில் மட்டும்தான் இரைச்சல் அடங்கும் பக்கத்தில் அவனுடைய ஸ்டூல் கிடந்தது.

ஸ்லாட்கோ கேஸட்டை நிறுத்தினான். "காப்பி போடவா?"

"வேணாம். அந்த ஒத்தைச் சுருள மாட்டிக் காட்டு."

ஈயம் உருக்கிப் பற்றவைத்துக் கம்பி முறுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. நெவில் பால் பாட்டில் அடுக்கும் காலிக் கிரேட் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தான். கண் எரிந்தது, தூக்கம் வரவில்லை.

ஸ்லாட்கோ கிதாரை மாட்டிக்கொண்டு ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். கடை முழுக்க இரைந்தது. அவன் தலையைச் சாய்த்து, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினான். இரைச்சல் மெலிந்து மெலிந்து, டயர் கம்பெனிக் காலண்டர் மாட்டிய சுவரைப் பார்த்தபோது அடங்கியது.

நெவில் எழுந்தான். கிரேட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் காலண்டருக்குக் கீழே போட்டு உட்கார்ந்தான்.

"யோவ், என்ன பண்றே?"

"ஒண்ணுமில்ல. மறுபடி மொதல்லேர்ந்து சுத்து."

"கிறுக்கு முத்திருச்சு உனக்கு." ஆனாலும் ஸ்லாட்கோ வாசல் பக்கம் திரும்பி நின்று, அங்கிருந்து சுற்றினான். நெவிலுக்கு நேரே வந்ததும் இரைச்சல் நின்றது.

இருவருக்கும் நடுவே ஒரு கை நீளம்தான். ஸ்லாட்கோவின் கண்கள் நெவிலின்மேல்தான் இருந்தன, ஆனால் அவை எதையும் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறதா என்று அவன் காதுகள் தேடிக்கொண்டிருந்தன.

நெவிலுக்கு அந்த முகம் தெரியும். பதினோரு வருட வெள்ளிக்கிழமைகள் க்ளெனிஸிடம் அதைத்தான் பார்த்தான்.

ஸ்லாட்கோ ஒரு தரம் வாசித்தான். கேஸட்டில் இருந்தது அப்படியே வந்தது.

"எப்படி?"

"அதேதான்."

"வெச்சுரவா, இல்ல கழட்டிட்டு ஊமையப் போடவா? நீ தனியா இருக்கற வீடு. எந்நேரமும் இரைஞ்சுக்கிட்டே கெடக்கும்யா."

"இரையட்டும்" என்றான் நெவில். எழுந்து, கிரேட்டைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தான்.