துடைத்த இடத்தில் ஒரு விரல்

1.
இந்தக் கதை என் தங்கச்சி கொடுத்தது. பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறாள். இன்று மத்தியானம் போன் போட்டு, "அக்கா, ஒரு கதை சொல்றேன், எழுதுறியா?" என்றாள். கதை என்றாலே ஓடுகிறவள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

2.
நர்ஸின் கைகள் நடுங்கின, அவளுடைய... (வேண்டாம். நடுங்குகிற கைக்கு அங்கே வேலை இல்லை.)

குறைமாதக் குழந்தை, ஒரு கிலோகூட இல்லை. மூச்சு விட்டுவிட்டு வந்தது. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, நர்ஸ் அதன் கையை மருந்தால் துடைத்தாள். நரம்பு தெரியவில்லை. துடைத்த இடத்தையே விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு ஊசியைப் போட்டு, ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் பாட்டிலில் விட்டாள். உறை மாட்டிய விரல்தான். ஆனால் அதே உறையோடுதான் இன்குபேட்டர் கதவையும் திறந்திருந்தாள்.

(குறுக்கே ஒரு வார்த்தை: இரண்டாம் நாள் பாட்டிலில் வளர்ந்தது, உங்கள் தோலிலும் என் தோலிலும் சும்மா குடியிருக்கும் கிருமி. நம்மை ஒன்றும் செய்யாது. அந்த இத்தனூண்டு உடம்பில், நரம்புக்குள் நெஞ்சுவரை விட்டிருக்கும் குழாய் வழியாக ரத்தத்தில் இறங்கினால் உயிரையே எடுத்துவிடும்.)

அது குழந்தையின் ரத்தத்திலிருந்து வந்ததா, நர்ஸின் உறையிலிருந்தா? ரத்தம்தான் என்று நம்பி, கிருமி குழாயில் ஒட்டியிருக்கும் என்று டாக்டர் அதை எடுக்கச் சொல்லிவிட்டார். குழந்தைக்குச் சாப்பாடே அதில்தான் போகிறது. இன்னொன்று போட நரம்பு கிடைக்காது.

3.
முடிவு, முதல் தடவை: நர்ஸ் வாயைத் திறக்கவில்லை. குழாயை எடுத்தார்கள். குழந்தை... (என்னால் முடியவில்லை.)

இரண்டாம் தடவை: சொல்லிவிட்டாள். குழாயை விட்டுவைத்தார்கள். கிருமி நிஜமாகவே ரத்தத்தில்தான்... (இதுவும் முடியாது.)

எரிச்சலில் தங்கச்சிக்கே போன் போட்டேன்.

"அந்த நர்ஸ் சொன்னதுக்கு டாக்டர் என்னடி சொன்னார்?"





"இன்னிக்கு நாலு மணிக்குக் குழாயை எடுக்கறாங்க அக்கா. நான் சொல்லி, அவங்க விட்டுவச்சு, அப்புறம் ஏதாவது ஆச்சுன்னா? உன் கதையில அவ என்ன பண்றா? அதைச் சொல்லு முதல்ல."

4.
மணி மூன்று இருபது. இதைப் போய்க் கதை என்று நினைத்து, உட்கார்ந்து சிங்காரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சீ!

அடித்தது திருத்தியது எல்லாவற்றோடும் அப்படியே அவளுக்கு அனுப்புகிறேன். வாசகரே, மன்னியுங்கள். இனி உங்களிடம் பேச நேரமில்லை.

அடியே, என் கதையில அவ என்ன பண்றான்னு எனக்குத் தெரியலை. குழந்தைக்கு என்ன ஆகும்னும் தெரியலை. விரல் பட்டது தெரியும். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. படிச்சது போதும், எழுந்து போ.