மூன்று வாய் சொன்ன சேதி

பெரியாஸ்பத்திரி வாசலில் அலங்காநல்லூர் வண்டிகள் இரண்டும் வந்து நிற்கும் என்றுதான் ஒச்சாயி நினைத்திருந்தாள். நிழல் சுருங்கி வெயில் காலைத் தொடும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தாள். வைக்கோல் வண்டி போயிற்று. குதிரைவண்டிகள் போயின. பொம்பளைகள் நிறைந்த வண்டி ஒன்றுகூட வரவில்லை. போன செவ்வாயே வந்து காதைத் தைத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காதிலிருந்த தண்டட்டிகளைக் கழற்றி மடியில் முடிந்தபடி உள்ளே போனாள். தோளில் இடித்துக்கொண்டிருந்த சதையை அறுத்து, மிச்சத்தைச் சேர்த்துத் தைத்து, துணி சுற்றி அனுப்ப ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூட யாரும் வரவில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். பின்னால் வருகிறார்கள் என்றாள் ஒச்சாயி.

விளாங்குடியில் அப்போதெல்லாம் பெண் பிறந்தால் முதல் வேலை அதன் காதைப் பாழாக்குவது. குத்தி, பஞ்சைத் திணித்து, துளை பெருத்ததும் ஈய வளையத்தை மாட்டி, சதை இழுபட்டுத் தோளுக்கு வரும்வரை விடமாட்டார்கள். சீழ் பிடித்தால் வேப்பெண்ணெய். பிள்ளை அழுதால் வாயில் முலைக்காம்பு. காது நீளாதவளுக்கு மூளி என்று பெயர். மூளியை எவன் கட்டுவான்? இப்படிக் கேட்டதெல்லாம் ஆம்பளைகள் இல்லை. தண்டட்டி ஆட ஆடப் பொம்பளைகள்தான் கேட்டார்கள்.

ஒச்சாயியின் மகள் பேச்சிக்கு எட்டு மாதம். பஞ்சு திணித்த துளை புண்ணாகி, ராத்திரி பகல் சிணுங்கிக்கொண்டிருந்தது. ஈயத்தை வாங்கி உருக்கித் தயாராக வைத்திருந்தவள் நாத்தனார் அழகம்மாள். ஒச்சாயியின் புருஷன் மொக்கையனை, தாயில்லாத தம்பியென்று தூக்கி வளர்த்தவள். வீட்டில் அவள் சொல்தான் சொல். ஈயம் வேண்டாமே என்று ஒச்சாயி ஒருதரம் முனகியதற்கு, ஊரோடு ஒத்துப் போகத் தெரியாதவளுக்குப் பிள்ளை எதற்கு என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரம்தான் வளையல் போட சுல்தான் பீவி வந்தாள். மதுரையிலிருந்து கூடையைத் தூக்கிக்கொண்டு விளாங்குடி, அலங்காநல்லூர் என்று ஊர் ஊராக நடப்பவள். கையைப் பிடித்து அமுக்கி வளையலை ஏற்றுகிற நேரத்தில் பொம்பளைகளுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒச்சாயிக்கும் திறந்தது. டவுனில் காது தைக்கிறார்களாமே, நானும் போகலாம் என்றிருக்கிறேன் என்றாள். அவ்வளவுதான் சொன்னது. நல்லதுதான் தாயி என்று பீவி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்துக் கிணற்றடியில் வீரணன் பெண்டாட்டி சொன்னாள், தன் தாய்வீட்டுப் பக்கம் அலங்காநல்லூரில் காது தைக்கக் கிளம்பிவிட்டார்கள் என்று. நாலு நாளில் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய் வந்த மொக்கையனும் அதையே சொல்லிச் சிரித்தான். பிறகு எண்ணெய்க்கார மருது வந்து, அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு வண்டி போகிறது, பெரிய வீட்டுச் சோலையம்மாளே முதல் வண்டியில் போகிறாள் என்றான். சோலையம்மாள் ஒச்சாயிக்குப் பெரியப்பா மகள். அந்த வீடு செய்தால் நாலு ஊர் செய்யும். அழகம்மாளே கொஞ்சம் ஆடிப்போனாள்.

"சோலையம்மாளே தைச்சுக்கிட்டான்னா நான் எதுக்கு இதுக்கு ஈயம் போடுறேன்? ஊரு எப்படியோ அப்படித்தான் நாம."

மூன்று பேர் சொல்லியாயிற்று. மூவரும் ஒருவரோடொருவர் பேசிப் பழகாதவர்கள். பொய்யாக இருந்தால் மூன்று பேரும் எப்படி ஒரே பொய்யைச் சொல்வார்கள் என்று ஒச்சாயி யோசித்தாள். நன்றாகத்தான் யோசித்தாள். செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டாள்.

துணியை அவிழ்த்த பிறகு விளாங்குடியில் அவளைத் தவிர யாருக்கும் காது குட்டையாகவில்லை. தெருவில் ஒரு பெண் சமைந்த சடங்குக்குத் தண்ணீர் ஊற்ற அழகம்மாளைக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் நின்றவளைப் பார்க்காத மாதிரி போனார்கள். மொக்கையன் மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான், நாலாம் நாள் கஞ்சி கேட்டான். அழுகை வரும் என்று ஒச்சாயி எதிர்பார்த்தாள். வரவில்லை. சாணி தெளித்தாள், நெல் குத்தினாள், பேச்சியின் காதைத் துடைத்தாள். உலக்கை ஏறி இறங்குவது யாரோ குத்துவது போல இருந்தது.

ஈயம் போட வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று அழகம்மாளே சொன்னாள். சோலையம்மாள் காது குட்டையாக இருந்தால் ஈயத்தைக் கம்மாயில் போடுவதாகவும் சொன்னாள். பேச்சியைத் தூக்கிக்கொண்டு விடியக் கிளம்பி அலங்காநல்லூருக்கு நடந்தார்கள்.

சோலையம்மாள் தொழுவத்தில் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள். குழவி சுற்றச் சுற்ற இரண்டு தண்டட்டியும் கன்னத்தில் மோதிக்கொண்டிருந்தன. அழகம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, நீ தைக்கலியா?" என்றாள் ஒச்சாயி.

"நான் எங்கிட்டுத் தைச்சேன்? நீ தைக்கப் போறேன்னு பீவி வந்து சொல்லுச்சு. மறுவாரம் விளாங்குடியில அம்புட்டுப் பேரும் தைச்சுட்டாகன்னு இங்க பேச்சு. சரி, நாமளும் போவமாடின்னு மாட்டுக்குத் தண்ணி காட்டயில ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்குள்ள எனக்கு வண்டியே பூட்டிட்டாகளா?"

சிரிக்க ஆரம்பித்தவள் ஒச்சாயியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஒச்சாயியின் வாயிலிருந்து போன ஒற்றை வார்த்தை ஊர் சுற்றி, உடம்பு பெருத்து, மூன்று ஆளாகத் திரும்பி வந்திருக்கிறது. அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததில் கோபம்கூட வரவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை போட்டுற வேண்டியதுதான்" என்றாள் அழகம்மாள்.

சோலையம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். ஒச்சாயியின் காதைப் பிடித்து, விளக்கு வாங்குபவளைப் போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"வலிச்சுச்சாடி?"

"வலி தெரியல. இப்ப நீ தொடுறதும் தெரியல."

"எம்புட்டு நாளு துணி கட்டியிருந்த?"

"பன்னெண்டு."

சோலையம்மாள் வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "அந்த டாக்டரம்மா எல்லா நாளும் இருக்குமா?" என்றாள். ஒச்சாயி பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

திரும்பும்போது வாய்க்கால் கரையில் அழகம்மாள் பேச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒச்சாயி முள் எடுக்க உட்கார்ந்ததில் நூறு அடி பின்தங்கினாள். எதிரே புல்லுக்கட்டுக்காரிகள் இரண்டு பேர் வர, அழகம்மாள் நின்று பேச்சுக் கொடுத்தாள். அவள் கை தன் காதுக்குப் போயிற்று. பிறகு பின்பக்கம் நீண்டது. காற்று மேற்கிலிருந்து அடித்ததில் ஒரு சொல்லும் இந்தப் பக்கம் வரவில்லை. சுமையைத் தலையில் வைத்தபடி அந்த இரண்டு பேரும் உடம்போடு மெதுவாகத் திரும்பி ஒச்சாயியைப் பார்த்தார்கள். பேச்சி அத்தையின் தண்டட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை விலக்காமலே, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அழகம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.