காது கேட்காத நேரம்

அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதியவள் தங்கை. அதே இயந்திரத்தில் கத்திக்கு அடியில் அட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தவன் அவளுடைய அண்ணன்.

முதலாளி புதுப் புரோகிராம் கேட்டார். கணினிக்குள் இருந்து கத்தியை ஓட்டும் பழைய கார்டை மட்டும் மாற்றமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். புதுப் புரோகிராம் ஓடுவது புரொடெக்டட் மோட் என்ற புது முறையில். பழைய கார்டுக்கு ரியல் மோட் என்ற பழைய முறை தவிர வேறெதுவும் புரியாது. ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் கணினியின் பிராசஸர் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, பழைய மோடுக்கு இறங்கி, கார்டிடம் பேசி, மறுபடி ஏறி வரவேண்டும். இறங்கி ஏறுகிறவரை அதற்குக் காது கேட்காது. ஆபத்தில் கத்தியை நிறுத்தும் சிவப்புப் பட்டனும் கணினி வழியாகத்தான். அதை அமுக்கினாலும் கேட்காது. அதனால் அது மாறி முடிகிறவரை கத்தியை மேலேயே நிறுத்திவைத்தாள் தங்கை.

இயந்திரம் நொண்டியது. மாலையில் முடிகிற வேலை இருட்டியும் முடியவில்லை. ஆட்கள் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உன் தங்கச்சி மெஷினுக்கு நடக்கக் கத்துக்குடுத்தாளா, தவழக் கத்துக்குடுத்தாளா?"

சாப்பாட்டு நேரத்தில் அவன் அவளிடம் வந்தான். "அந்த நிறுத்தத்தை எடுத்துடேன்மா."

"அப்ப அதுக்குக் காது கேக்காதுண்ணா."

"எவ்வளவு நேரம்? கண் சிமிட்டுற நேரமா?"

"கம்மிதான். ஆனா வெட்டு ஒண்ணுமேல ஒண்ணா வந்துச்சுன்னா..."

"அடியில நிக்கிறது நான். எனக்கில்லாத பயம் உனக்கென்ன?"

அவன் கேட்டு அவள் மாட்டேன் என்றதே கிடையாது. எடுத்துவிட்டாள். இயந்திரம் பறந்தது. ஆட்கள் நேரத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அவளைக் கண்டால் சிரித்தார்கள்.

மழைக்காலத்தில் ஈரம் குடித்த அட்டையொன்று உள்ளே சிக்கியது. அதை எடுக்க அண்ணன் கையை உள்ளே விட்டான். கத்தி அசைவதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர் பட்டனை ஓங்கி அடித்தார். கணினிக்கு அது எட்டியது, கத்தி இறங்கிய பிறகு.

வலது கை மணிக்கட்டோடு போயிற்று.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்தான் புத்தியில்லாமக் கேட்டேன். உனக்குத் தெரியுமே. நீ ஏன்மா சரின்ன?"

அண்ணி அவனுக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "பாத்தாச்சுல்ல? கிளம்பு."

மறுநாளே தங்கை நிறுத்தத்தைத் திரும்பச் சேர்த்தாள். முதலாளி வேகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அண்ணன் இடத்தில் வேறொருவர் வந்தார்.

மழை விட்டதும் ஒருநாள் அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தட்டினாள். "யாரு?" என்று உள்ளே அவன் கேட்டது காதில் விழுந்தது. அண்ணி ஜன்னல் வழியே பார்த்தாள், திரையை இழுத்துவிட்டாள்.