கோழிக் கொட்டாய்

கொடுவாள் மூங்கிலில் இறங்கிய சத்தம் கேட்டதும், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி எழுந்து வீட்டுக்குப் பின்னால் ஓடினாள்.

"மாமா, அத வெட்டாதீங்க!"

அம்மாவின் தம்பி கோபால் ஓங்கிய கையை அப்படியே நிறுத்தினார். ஐப்பசியில் கொல்லை வேலியோரம் வெட்டிக் கொண்டுவந்து போட்ட மூங்கில்கள் அவர் காலடியில் கிடந்தன. பச்சை போய் மஞ்சளாகி, அடிப்பக்கம் கறையான்கூட ஏறத் தொடங்கியிருந்தது.

"பாடைக்கு வோணுமேம்மா. உங்கப்பாதான் பின்னால கெடக்குது, எடுத்துக்கன்னாரு."

"அது அம்மாவோட கோழிக் கொட்டாய்க்கு வெட்டினது."

கோபாலுக்குச் சங்கடமாகிவிட்டது. "இனிமே இன்னாத்துக்கு வாணி?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, குனிந்து வெட்ட ஆரம்பித்தார்.

போன மார்கழியில் அம்மா வளர்த்த கோழிக்குஞ்சுகளில் பாதிக்கு மேல் விறைத்துச் செத்தன. தப்பியதில் இரண்டைக் காட்டுப்பூனை தூக்கிக்கொண்டு போனது. இந்த மலையில் மார்கழிக் குளிர் என்றால் விளையாட்டா? அதனால் இந்த வருஷம் குளிருக்கு முன்னாலேயே கோழிகளுக்கு ஒரு கொட்டாய் வேண்டும் என்று ஆடியிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டாள். கோகிலவாணி வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அம்மாவுக்கு வேறு பேச்சே கிடையாது.

"தரைய வுட்டு முழங்கால் ஒசரம் தூக்கிக் கட்டணும் வாணி. வாசலு கெழக்கால வெச்சா வெயிலு நேரா உள்ள வுழும். குளிரு வர்ற பக்கத்துக்குக் கோணி தெச்சி வெச்சிட்டேன். மேல மட்டும் கொஞ்சம் சந்து வுடணும். இல்லன்னா பாவம், அதுங்களுக்கு மூச்சு முட்டும்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே இரண்டு தடவை இளைக்கும்.

அப்பா தீர்த்தகிரி மூங்கில் வெட்டிப் போட்டார். அதோடு சரி. சாமை அறுப்பு முடியட்டும் என்றார். மழை விடட்டும் என்றார். ஒண்டி ஆளா எப்படிக் கட்றது, ஆள் கெடைக்கட்டும் என்றார். இதற்கு நடுவில் புது பைக் வாங்கினார். ஐயோ, அது நனையலாமா! மறுநாளே போளூரிலிருந்து தகரம் வந்தது, ஆளும் கிடைத்தது. பொழுது சாய்வதற்குள் மூன்று பக்கமும் தகரம் அடித்து, முன்னால் படல் வைத்து, வண்டிக் கொட்டாய் நின்றது.

அம்மா கோழிகளை அடுப்பங்கரைக்குள் அழைத்துக்கொண்டாள். பூனைக்குப் பயந்து அவளும் அங்கேயே படுத்தாள். எச்ச நாற்றம், தூசி, அடுப்புப் புகை. ஏற்கெனவே வீசிங் உடம்பு. "கோழிய வூட்டுக்குள்ள வெச்சிக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று நர்சம்மா கத்தினாள். "வெளிய வுட்டா செத்துப்பூடுமேம்மா" என்றாளாம் அம்மா. நேற்று விடியற்காலை மூச்சு ஒரேயடியாக இழுத்துக்கொண்டது. அந்த நேரத்துக்கு மலையில் பஸ் ஏது? அதே பைக்கில் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு போனார்கள். ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கோகிலவாணி வீட்டுக்குள் போகவில்லை. அங்கேயே நின்று பார்த்தாள். கோபால் வெட்டினார், எதிர்வீட்டு ரமேஷ் அண்ணன் பிளந்து கொடுத்தான், அவன் தம்பி அன்பரசன் குறுக்குச் சட்டம் வைத்தான். அப்பாவும் வந்து உட்கார்ந்தார். கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்து, இன்னொரு சுற்றுச் சுற்றி, அசையாதபடி முடிச்சுப் போட்டார். பக்கத்து வீட்டில் சசிகலா அக்கா வைத்த டீத்தண்ணீர் கொதிப்பதற்குள் பாடை தயாராகிவிட்டது.

"இவ்ளோதானாப்பா?"

"இன்னாம்மா?"

"இவ்ளோ நேரந்தானா ஆவும்?"

ரமேஷ் சிராய்களைக் காலால் ஓரமாக ஒதுக்கினான். கயிற்றின் மிச்ச நுனியை அப்பா கொடுவாளால் அறுத்தார். பாவி மனுஷா, இந்தக் கை அப்போ எங்கே போயிருந்தது என்று கோகிலவாணிக்கு அலறவேண்டும் போலிருந்தது. அதற்குள் உள்ளே குளிப்பாட்டக் கூப்பிட்டார்கள்.

புதைத்துவிட்டு ஆண்கள் திரும்பும்போது வெயில் இறங்கியிருந்தது. வீட்டைக் கழுவி விளக்கு ஏற்றியாயிற்று. மேயப்போன கோழிகள் வழக்கம்போல அடுப்பங்கரை வாசலுக்கு வந்து நின்றன. அப்பாவின் அக்கா பெரியம்மாள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சூ! வௌக்கு எரியற வூட்டுல இதுங்க வேறயா? எங்கனா கெடக்கட்டும். இருக்கறது கருமாதிக்கு ஆவும்."

"அதுங்க மேல கை வெக்காதீங்க அத்தே."

அவள் போட்ட சத்தத்தில் பெரியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

கோகிலவாணி வண்டிக் கொட்டாயின் படலைத் திறந்தாள். பைக்கைப் பின்னால் தள்ளிக் கொண்டுவந்து முற்றத்தின் நடுவில் ஸ்டாண்ட் போட்டாள். கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டாள். சேவல்தான் கடைசிவரை ஆட்டம் காட்டியது.

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு அப்பா வந்தார்.

"வண்டிய ஏம்மா வெளிய வுட்டே? பனி எறங்குது பாரு."

"எறங்கட்டும்."

அப்பா வண்டியைப் பார்த்தார். கொட்டாயைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தை பொறக்கட்டும்மா. கோழிக்குன்னு தனியா ஒண்ணு கட்டிட்றேன்."

அவள் திரும்பவே இல்லை. அம்மா தைத்து மடித்து வைத்திருந்த கோணியை எடுத்துவந்து படலின் மேல் இழுத்துக் கட்டினாள். மேலே மட்டும் ஒரு கை அகலத்துக்குச் சந்து விட்டாள். முற்றத்தில் பைக் சீட் நனைய ஆரம்பித்திருந்தது.